அணியா, அலங்காரமா? ரவி வர்மாவின் பெண்களும் அவர்கள் கட்டிய சேலையும்



நம் மொழியில் 'அணி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கழுத்திலும் காதிலும் போட்டுக்கொள்வது அணி. செய்யுளில் உவமை, உருவகம் என்று வருவதும் அணி. வகுப்பில் அணி இலக்கணம் நடத்தும்போது, "அணி செய்யுளுக்கு அழகு சேர்க்கும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. சரி, அழகு சேர்த்தது. வேறு என்ன சொன்னது?

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கடலாடு காதையில் மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள். இளங்கோவடிகள் கால்விரலில் தொடங்கித் தலை வரைக்கும் ஒவ்வொரு நகையாக அடுக்கிக்கொண்டே போகிறார். சும்மா ஒரு நகைப் பட்டியல் போலத்தான் தெரியும். ஆனால் அவள் இத்தனையும் பூண்டது கோவலனின் ஊடலைத் தீர்க்க. அடுத்த காதையிலேயே கானல்வரி பாடி இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் கண்ணகியோ, மங்கல அணி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி வைத்திருக்கிறாள். பூண்ட நகையும் கதை சொல்கிறது, கழற்றிய நகையும் கதை சொல்கிறது. இதுதான் அணி. இப்படி எதுவும் சொல்லாமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதை நான் அலங்காரம் என்று சொல்வேன். (வடமொழியில் அலங்காரம் என்றாலும் அணி என்றாலும் ஒன்றுதான். இந்தக் கட்டுரையின் வசதிக்காகப் பிரித்துக்கொள்கிறேன்.)

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களைப் பார்க்கலாம். அவருடைய லட்சுமி, சரஸ்வதி படங்களைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. 'பாரம்பரியப் பெண்' என்றதும் நம் மனத்தில் வரும் உருவத்தில் பாதி அவர் எழுதியது. அதனால் அவருடைய ஓவியத்தில் சேலை என்ன வேலை செய்கிறது என்று கேட்பது நமக்கு அவசியமான கேள்வி.

ஒரே பத்தாண்டு, இரண்டு கண்ணாடிகள்

ரவி வர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். 1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவருக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு 25 வயது. பரிசு பெற்ற ஓவியம், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண். அதே ஓவியம் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. விஷயம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு பெண் கண்ணாடி பார்த்து மல்லிகைச் சரம் வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

அதே பத்தாண்டில் பாரிஸிலும் ஒருவர் இதே விஷயத்தை எழுதினார். பெர்த் மொரிசோ என்ற பெண் ஓவியர். 1875-க்கும் 1880-க்கும் இடையில் அவர் எழுதிய ஓவியத்தில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடி முன் கூந்தலைச் சரிசெய்கிறாள். கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டி, காதில் ஒரு தோடு. உடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வெள்ளையும் சாம்பலும் ஊதாவுமாகத் தூரிகை ஓடியிருக்கிறது. கண்ணாடியில் அவள் முகமே தெரியவில்லை. அந்தக் கண்ணாடியின் அடியில்தான் மொரிசோ தம் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரவி வர்மா துணியையும் பூவையும் தொட்டுப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் திருத்தமாக எழுதுகிறார். தைல வண்ணத்தில் அந்த அளவுக்கு நம் நாட்டில் அப்போது எழுதியவர்கள் மிகக் குறைவு. மொரிசோ எல்லாவற்றையும் கரைத்துவிடுகிறார். அவருக்கு உடையின் விவரம் முக்கியமில்லை, உடுத்தும் அந்தக் கணம்தான் முக்கியம். ஒருவர் "இவள் யார்" என்று சொல்கிறார். இன்னொருவர் "இவள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்கிறார். இரண்டுமே அணிதான். வழி மட்டும் வேறு.

உடை காலத்தைச் சொல்லும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஓவியர்கள் பெண்களின் நாகரிக உடையை ஏன் இவ்வளவு எழுதினார்கள்? கவிஞர் போதலேர் 1863-இல் வெளியிட்ட ஒரு கட்டுரைத் தொடரில் இதற்கு வாதம் இருக்கிறது. தம் காலத்து மனிதர்களுக்குப் பழங்கால உடை மாட்டிவிட்டு எழுதும் ஓவியர்களை அவர் கண்டித்தார். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நடை, ஒரு பார்வை, ஒரு உடை உண்டு, அதை எழுதுங்கள் என்பது அவருடைய கட்சி. சேரா 1884 முதல் 1886 வரை எழுதிய பெரிய ஓவியத்தில், ஆற்றங்கரைத் தீவில் ஞாயிற்றுக்கிழமை உலாவ வந்த பெண் பின்பக்கம் புடைத்த பாவாடை அணிந்து நிற்கிறாள். அந்தப் புடைப்பு ஒன்றே போதும், இது 1880-கள் என்று சொல்லிவிடலாம்.

ரவி வர்மா என்ன செய்தார்? நேர் எதிரான காரியம் செய்தார். பழங்காலப் பெண்களுக்குத் தம் காலத்து உடையை மாட்டினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் அரண்மனைக்குப் புராண ஓவியங்கள் கேட்டபோது, நாயகிகளுக்குப் பொருத்தமான உடையைத் தேடி அவர் தம் தம்பி ராஜ ராஜ வர்மாவுடன் வட இந்தியாவில் பயணம் செய்தார். கடைசியில் எழுதியது நம் பாட்டிமார் காலத்துச் சேலைதான்.

1899-இல் எழுதிய அன்னமும் தமயந்தியும் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகழேந்தியின் நளவெண்பா படித்தவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். அன்னம் வந்து நளனைப் பற்றிச் சொல்கிறது, தமயந்தி கேட்கிறாள். ஓவியத்தில் தமயந்தி சரிகைக் கரை போட்ட சிவப்புச் சேலையில் சாய்ந்து நிற்கிறாள். விதர்ப்ப நாட்டு இளவரசி இப்படி உடுத்தியிருப்பாளா? மாட்டாள். ஆனால் அந்தச் சேலை இங்கே வேலை செய்கிறது. மற்ற நிறங்கள் எல்லாம் அடங்கி நிற்க, சிவப்பு ஒன்று மட்டும் நிமிர்ந்து தெரிகிறது. அவள் வாய் திறக்கவில்லை, நிறம் பேசிவிடுகிறது. காலப் பிழை என்று ஒரு வரியில் குறை சொல்லி முடித்துவிட முடியாத ஓவியம் இது.

திருவிதாங்கூரில் துணி வெறும் துணி இல்லை

உடையை அணி என்று படிக்க வேண்டும் என்றால், அந்த ஊரில் உடைக்கு என்ன பொருள் இருந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ரவி வர்மா பிறந்த திருவிதாங்கூர் அரசில்தான், தெற்கே தமிழ் பேசும் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மூடி மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1859-இல் அரசு அவர்களுக்கு அனுமதி கொடுத்தது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது.

அப்போது ரவி வர்மாவுக்கு 11 வயது. 14 ஆண்டு கழித்து அவருடைய நாயர் பெண் சென்னையில் பதக்கம் வாங்குகிறாள். அந்த ஓவியத்தின் வெள்ளைத் துணி நமக்கு அழகாகத் தெரியலாம். அன்றைய திருவிதாங்கூர்க்காரர் கண்ணுக்கு அது சாதியையும் தகுதியையும் சேர்த்தே சொல்லியிருக்கும். யார் எதை உடுத்தலாம் என்று அரசு ஆணை போட்ட நாட்டில், ஓவியர் எழுதும் ஒவ்வொரு மடிப்புக்கும் பொருள் உண்டு.

பதினொரு பெண்கள்

1889-இல் மைசூர் அரண்மனைக்காக எழுதிய ஓவியத்தில் 11 பெண்கள் கூட்டமாக இருக்கிறார்கள். நாயர் பெண், முஸ்லிம் பெண் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியையும் சமூகத்தையும் சேர்ந்தவர்கள். இசைக் கலைஞர்கள் என்பதுதான் தலைப்பு. இது ஒரு தேச ஒற்றுமை ஓவியம் என்று புகழ்வார்கள். புகழலாம். இந்தியா ஒரு நாடாக ஆவதற்கு 58 ஆண்டு முன்பே ஒரே திரையில் அத்தனை பேரையும் உட்கார வைத்தாரே!

ஆனால் முகங்களைக் கவனியுங்கள். அவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. சேர்ந்து பாடுகிறவர்கள் போலவும் இல்லை. ஒவ்வொருத்தியும் தன் உடையைக் காட்டத் தனித்தனியாக உட்கார்ந்தது போல இருக்கிறது. இங்கே உடை நன்றாகப் பேசுகிறது, உடுத்தியவள் பேசவில்லை.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மா 10 ஓவியங்கள் அனுப்பினார். விவேகானந்தர் சமயப் பேரவையில் பேசினாரே, அதே சிகாகோ, அதே ஆண்டு. பல சமூகத்துப் பெண்களை எழுதிய அந்த ஓவியங்களுக்குப் பரிசு கிடைத்தது. நடுவர்கள் குறிப்பாக மெச்சியது எதை என்றால், உடையும் பயன்படுபொருளும் எழுதப்பட்ட நுணுக்கத்தை. அதாவது இனவியல் ஆவணமாக அவை மதிப்புள்ளவை என்றார்கள். இது பாராட்டுதான். ஆனால் பாரிஸ் பெண்ணை மொரிசோ எழுதினால் கலை, நம் பெண்ணை நம் ஓவியர் எழுதினால் இனவியல் என்றால், அந்தப் பாராட்டில் ஒரு முள் இருக்கிறதா இல்லையா?

அச்சு வந்த பிறகு

1894-இல் ரவி வர்மா பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் தொழில்நுட்ப ஆட்களும் வந்தார்கள். கல்லில் வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று மாற்றி மாற்றி அச்சடிக்கும் முறை அது. ஒலியோகிராஃப் என்று சொல்வார்கள்.

அதே 1894-இன் கடைசியில் பாரிஸில் அல்ஃபோன்ஸ் முக்கா, நடிகை சாரா பெர்னாருக்காக ஒரு நாடகச் சுவரொட்டி வரைந்தார். அதுவும் கல்லச்சுதான். முக்காவின் பெண்களைச் சுற்றிப் பூ, வளைவு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். சாதாரண நடிகையைச் சாமி போல ஆக்கிவிட்டார். சிகரெட் தாள் விற்கவும் அதே ஒளிவட்டப் பெண்கள் பயன்பட்டார்கள். பம்பாயில் நடந்தது இதற்கு மறுதலை. அங்கே சாமி ஒரு வீட்டுப் பெண்ணைப் போல ஆனாள். லட்சுமி சேலை கட்டித் தாமரை மேல் நின்றாள். சரஸ்வதி வெள்ளைச் சேலையில் வீணையோடு அமர்ந்தாள்.

இங்கேதான் என் விமர்சனம். நாயர் பெண்ணின் துணி ஓர் ஊரைச் சொன்னது. தமயந்தியின் துணி ஒரு மனநிலையைச் சொன்னது. அச்சில் வந்த தேவியின் சேலை எந்த ஊர்ச் சேலை? எந்தக் காலம்? எதுவும் இல்லை. எல்லா ஊருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் எந்த ஊரையும் சொல்லாமல் விட்டுவிட்டது. விற்பனைக்கு அது நல்லது. அணியாகப் பார்த்தால் அது அலங்காரமாக இறங்கிவிட்டது. தீப்பெட்டி ஒட்டுச்சீட்டு வரைக்கும் அந்த உருவங்கள் போனதற்கும் இதுவே காரணம்.

ஆனந்த குமாரசாமி போன்றவர்கள் ரவி வர்மாவை வேறு காரணத்துக்காகத் தாக்கினார்கள். மேல்நாட்டு முறை, நாடகத்தனம், இந்தியத் தன்மை இல்லை என்றார்கள். எனக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை. மேல்நாட்டு முறையில்தான் அவருடைய நல்ல ஓவியங்களும் எழுதப்பட்டன. குறை முறையில் இல்லை, ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பப் பொதுவாக்கியதில் இருக்கிறது.

அச்சுப் படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாரும் அரசுக் கோயில்களுக்குள் போகலாம் என்று ஆணை வந்தது 1936-இல்தான். அதற்கு 40 ஆண்டு முன்பே, காசு கொடுத்தால் யார் வீட்டுச் சுவரிலும் லட்சுமி வந்து நின்றாள். ஊர் தெரியாத அந்தச் சேலையும் யாரையும் விலக்கவில்லை. 1859 நிபந்தனையை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம், படம் வாங்கிய வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அச்சுப் படத்தின் மேலேயே துணி வைத்துத் தைத்து, சரிகையும் ஜிகினாவும் மணியும் ஒட்டித் தேவிக்குத் தாங்களே சேலை கட்டினார்கள். அப்படி அணி செய்த படங்கள் இன்றும் பழம்பொருள் சேகரிப்புகளில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வந்த படம், ஒரு பெண்ணின் கைபட்டதும் ஒரே ஒரு படமாக மாறியது. அம்மனுக்குச் சேலை சாத்துகிற அதே மனசுதான். அச்சகம் இழந்ததை அந்தப் பெண்கள் ஊசி நூலால் மீட்டார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

காலண்டரில் இல்லாத பெண்

ரவி வர்மா 1906-இல் காலமானார். அவருடைய அச்சு மரபைத் தமிழ்நாட்டில் எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய சாமிப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழர் வாழும் இடமெல்லாம் போயின. நம் பேராக்கில், சித்தியவான், ஆயர் தாவார் பக்கத் தோட்டங்களிலும் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கியது இந்த வகைப் படங்கள்தான்.

அந்தச் சுவருக்குக் கீழே வாழ்ந்த பெண் என்ன உடுத்தினாள்? விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். நீளக்கைச் சட்டை, கைலி, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. பலருக்கு இடுப்பில் புகையும் கொசுவத்தி. ரப்பர்ப் பால் பட்டால் கறை போகாது என்பதால் வேலைக்கென்றே தனி உடை. சட்டை வீட்டு ஆண்களுடையதாக இருக்கலாம், கைலி மலாய் நாட்டு வழக்கம், தலைத்துணி தமிழ்நாட்டு வயலிலிருந்து வந்தது. அந்த உடையில் ஓர் ஊர் இருந்தது, ஒரு காலம் இருந்தது, ஒரு தொழில் இருந்தது. மொரிசோவும் சேராவும் தேடிய மாதிரியான உடை அதுதான். ஆனால் அதை எந்தக் காலண்டரும் எழுதவில்லை. சேலை அவளிடமும் இருந்தது. அது திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெட்டியில் மடித்து வைத்திருந்தது.

'தமிழ்ப் பெண்ணின் பண்பாட்டு உடை' என்று கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் சேலை, மல்லிகை, நெற்றித் திலகம் என்று அச்சுப் படத்தையே வருணிக்கிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி 30 ஆண்டு உடுத்திய உடைக்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட இந்தக் காலத்தில், எழுதாமல் விட்டது அப்படியே மறைந்துபோகும்.

தண்டியலங்காரம் பொருளணிகளைப் பட்டியல் போடும்போது முதலில் வைப்பது எதை? தன்மையணியை. உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் தன்மையணி. உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னால் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பால்மரம் வெட்டும் பெண்ணின் தலைத்துணியை உள்ளபடி எழுதினால் அது அணி குறைந்த எழுத்து ஆகாது. இலக்கணப்படி அதுதான் முதல் அணி.

வகுப்பறைக்கு

படிவம் 4, 5 மாணவர்களுக்கு இந்த வினாக்களைக் கொடுத்துப் பார்க்கலாம். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இவற்றையே திறனாய்வுக் கட்டுரையாக விரிக்கலாம்.

1. கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகளையும், கோவலன் பிரிந்தபின் கண்ணகி துறந்த அணிகளையும் ஒப்பிடுக. இரண்டும் கதைக்கு என்ன செய்கின்றன?

2. ரவி வர்மாவின் அன்னமும் தமயந்தியும் ஓவியத்தை நளவெண்பாவின் அன்னத் தூதுப் பகுதியோடு வைத்துப் பார்க்க. ஓவியர் சேர்த்தது என்ன, விட்டது என்ன?

3. வீட்டில் உள்ள ஒரு பழைய நிழற்படத்தை எடுத்துக்கொள்க. அதிலுள்ள பெண்ணின் உடை ஊர், காலம், தொழில், வசதி ஆகியவற்றில் எதைச் சொல்கிறது? ஊகத்தையும் உறுதியாகத் தெரிவதையும் பிரித்து எழுதுக.

4. தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் வேலை உடையைத் தன்மையணியில் 80 சொற்களில் வருணிக்க. 'அழகான' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

நான்காவது வினாவுக்கு மாணவர்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமோ கேட்டுத்தான் எழுத முடியும். "பாட்டி, தலையில அந்தத் துணிய எப்படிக் கட்டுவீங்க?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தத் தவணைக்குள்ளேயே கேட்டுவிடுவது நல்லது.